சகலை வாங்கிய ஜப்பான் பெட்டி

என் சகலையைக் கண்டால் எனக்கு ஆகாது. சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. எங்கே பார்த்தாலும் "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார், சைக்கிளைப் பிடித்துக்கொள்வார், பையை வாங்கிக்கொள்வார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு பேரிடம் திட்டியாவது வயிற்றை ஆற்றிக்கொண்டிருப்பேன். வாயில் அவரை 'அவர்' என்பேன், மனதுக்குள் 'அவன்'. இங்கே மனதுக்குள் கிடந்ததைத்தான் எழுதுகிறேன் என்றாலும் 'அவர்' என்றே எழுதுகிறேன், ஏனென்றால் இதை என் மனைவி படிப்பாள்.

நான் அப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் டிராப்ட்ஸ்மேன். வீடு கோச்சடையில். மற்றவர்கள் கட்டப்போகிற பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாள் முழுக்கக் கோடு போடுவதுதான் வேலை. ஒரு செங்கல்லைக்கூட என் கையால் எடுத்து வைத்ததில்லை. எழுபத்தைந்தாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, கோரிப்பாளையத்தில் ஒரு பாய் கடைக்குக் குடை வாங்கப் போனேன். பினாங்கிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் டிரங்குப் பெட்டியில் கொண்டுவரும் சாமான்களை அங்கே விற்பார்: சென்ட், தைலம், குடை, லுங்கி. குடைகளுக்கு அடியில் ஓரம் நைந்துபோன ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. மூடியில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஜப்பான் குழந்தையும், அதற்குப் பின்னால் சிவப்புக் கூரை போட்ட ஒரு சின்ன வீடும். உள்ளே விரல் நுனி அளவுக்குப் பிளாஸ்டிக் செங்கல்கள். மேலே குமிழ், அடியில் குழி. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினேன், 'டக்' என்று பிடித்துக்கொண்டது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. குடை வாங்கவில்லை, பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பிறக்கும் முன்னாலேயே பொம்மை வாங்குகிறாரே என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை பாய் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. புதுப் பெட்டிகள் வந்தால் எனக்கு வேண்டாம். புதுசில் பிளாஸ்டிக் மெலிசு, பிடிப்பு கிடையாது, நாலு வரிசை ஏற்றினால் சுவர் சாயும். பழசு கனமாக இருக்கும், நெருக்கிப் பிடிக்கும். பினாங்கில் பிள்ளைகள் வளர்ந்துபோன வீடுகளில் கழித்துக்கட்டிய பெட்டிகளாகப் பார்த்துக் கேட்டு வாங்கிவரச் சொல்வேன். "எல்லாரும் என்கிட்ட புதுசு கேப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் சார் பழசு கேக்குறீங்க" என்று பாய் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவார்.

பெட்டி மூடியின் உள்பக்கத்தில் வரிசையாக ஏழு பெட்டிகளின் படம் சின்னதாகப் போட்டிருக்கும். எழுத்து ஒன்றும் புரியாது, படம் புரியும். எண்பதாம் வருஷத்துக்குள் ஆறு பெட்டி சேர்த்துவிட்டேன். ஏழாவதுதான் பெரியது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பச்சைக் கண்ணாடி மாதிரி ஜன்னல், திறந்து மூடும் கதவு, மாடிப்படியோடு ரெண்டு மாடி வீடு. அந்தக் கட்டை விரல் அளவுப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்தே அந்த வீட்டுக்கு நான் பிளானே போட்டு வைத்திருந்தேன். அளவு எல்லாம் என் மனக்கணக்குதான். அது எப்போது வந்தாலும் எனக்குத்தான் என்று பாயிடம் சொல்லிவைத்திருந்தேன். அவரும் சரி என்றார்.

இந்தக் கட்டைகளால் எனக்கு வெளியில் கிடைத்த மரியாதை ஒரே ஒரு இடத்தில்தான். தெற்கு மாசி வீதியில் என் மாமனார் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். படிகளில் பொம்மை. படிகளுக்குக் கீழே தரையில் மணல் கொட்டி, வெந்தயமும் கடுகும் முளைக்கப்போட்டுப் புல் மாதிரி ஆக்கி, பார்க் ஒன்று அமைப்பார்கள். அந்தப் பார்க் என் பொறுப்பு. ஒரு வருஷம் ரயில்வே ஸ்டேஷன் கட்டினேன். ஒரு வருஷம் கண்ணாடியைத் தண்ணீராகப் போட்டு நடுவில் மண்டபத்தோடு தெப்பக்குளம். சுண்டலுக்கு வருகிற பெண்கள் பொம்மையை விட்டுவிட்டுக் குனிந்து இதைத்தான் பார்ப்பார்கள். "மூத்த மாப்பிள்ளை கைவேலை" என்று என் மாமியார் சொல்லும்போது நான் ஒன்றும் காதில் விழாதவன் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பேச வராது, பாட வராது, சீட்டாட்டம் தெரியாது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த மூன்றடிக்கு நாலடி மணல்தான்.

எழுபத்தொன்பதில் சகலை வந்து சேர்ந்தார். மருந்துக் கம்பெனியில் வேலை. ஸ்கூட்டர், சுருள் முடி, நல்ல குரல். கல்யாணமான முதல் நவராத்திரியிலேயே கொலு முன்னால் உட்கார்ந்து ரெண்டு பாட்டுப் பாடி மாமியாரைக் கண்கலங்க வைத்துவிட்டார். மாமனார் வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்து வருஷமாக என்னோடு அவர் பேசியது மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான். சகலை வந்ததும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். போகட்டும், பார்க் என்னிடம் இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எண்பதாம் வருஷத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஆயுத பூஜை அன்று எங்கள் கோச்சடை வீட்டில் என் மனைவி அரிவாள்மனை, சைக்கிள், என் காம்பஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். மேஜைமேல், அந்த வருஷப் பார்க்குக்குத் தேவைப்படாமல் மிஞ்சிய வெள்ளைக் கட்டைகள் ஒரு பெட்டி இருந்தது. அதற்கும் வைத்துவிட்டாள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பொட்டு. நான் தினமும் உட்கார்ந்து வேலை செய்வது அதில்தான், அப்படியானால் அதுவும் ஆயுதம்தானே என்று அவள் நினைத்தது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. மறுநாள் துடைத்தால் சந்தனம் போயிற்று, சிவப்பு போகவில்லை. சோப்பு, சீயக்காய், விபூதி எல்லாம் போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் போட்டதில் வெள்ளையே மங்கிப்போனது. பழைய பிளாஸ்டிக், குங்குமச் சாயத்தை உள்ளே குடித்துவிட்டது. அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவே இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், அவ்வளவுதான். அவள் தன் வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

மறு வருஷம் கொலுவின் முதல் நாள். நான் ஆறு பெட்டிகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெற்கு மாசி வீதிக்குப் போனேன். அந்த வருஷம் கலெக்டர் ஆபீஸ் கட்டுவதாகத் திட்டம், கறை பட்ட கட்டைகள் வெளியே தெரியாமல் உள்சுவருக்குப் போய்விடும். மணலைப் பரத்திக்கொண்டிருந்தபோது சகலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் பெட்டி. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அதே ஜப்பான் குழந்தை, ஆனால் பின்னால் ரெண்டு மாடி வீடு. என் கை மணலிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, இந்த வருஷம் நானும் ஒரு ஓரத்துல கட்டப்போறேன். உங்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு" என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் குடியிருந்தது கோரிப்பாளையத்தைத் தாண்டித்தான், போகிற வழியில் பாய் கடையில் கண்ணில் பட்டதாம். முதலில் பாய் கொடுக்கவில்லையாம், ஒருத்தருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றாராம். சகலை என் பெயரைச் சொல்லியிருக்கிறார், உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாராம். இதை அவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

அன்று மாலையே சைக்கிளை மிதித்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, பெட்டி வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்டார். நான் நின்ற நிலையைப் பார்த்துத்தான் அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. "உங்க சகலைன்னு சொன்னாரு சார். ஒரே வீட்டு மாப்பிள்ளைங்க, யார் கையில குடுத்தா என்னன்னு நெனச்சேன்" என்றார். அவரை என்ன சொல்ல? ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறு வருஷம் காத்திருந்தவன் நான், அதை ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அஞ்சு நிமிஷத்தில் தூக்கிக்கொண்டு போனவர் அவர்.

அவர் கட்டிய வீட்டைப் பார்க்கவேண்டுமே. செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக நேருக்கு நேர் அடுக்கியிருந்தார். கீழ் வரிசையின் இணைப்புக்கு மேலே மேல்வரிசையின் செங்கல் படியவேண்டும் என்பது கொத்தனாரிடம் சாந்துச் சட்டி தூக்குகிறவருக்குக்கூடத் தெரியும். கூரை ஓடுகளைத் தலைகீழாக வைத்திருந்தார். ரெண்டு ஜன்னல் மிஞ்சிப்போய் மணலில் கிடந்தது. ஆனாலும் சுண்டலுக்கு வந்த பெண்கள் எல்லாரும் அந்த வெள்ளை வீட்டைத்தான் பார்த்தார்கள். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார்கள். என் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் மங்கிப்போய்க் கிடந்தது. "சின்ன மாப்பிள்ளை கட்டினது" என்று மாமியார் சொன்னார். அதே குரல், அதே பெருமை. ஒரு வார்த்தைதான் மாறியிருந்தது.

மூன்றாம் நாள் சகலையைத் தனியாகக் கூப்பிட்டு, என்னிடம் உள்ளதில் ரெண்டு பெட்டி தருகிறேன், அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கேட்பதற்கே எனக்கு நாக்குக் கூசியது. அவர் சிரித்தார். "இருக்கட்டும் அண்ணே, எனக்கும் பிடிச்சுப்போச்சு. வேணும்கிறப்ப வந்து கட்டுங்க" என்றார். அவருக்கு அது பிடிக்கக் கூடாது என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவருக்கு அது பத்து நாள் விளையாட்டாக இருந்திருந்தால் எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது.

அந்த வருஷம் மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் மகள்கள் ரெண்டு பேரும் ஆயுத பூஜைக்கு அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். காலையில் கூடத்தில் தையல் மெஷின், அரிவாள்மனை, மாமனாரின் பேனா, என் காம்பஸ் பெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. வாசலில் ஸ்கூட்டர் கழுவி நின்றது. கொழுந்தியாள் ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் குங்குமமுமாக ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். என் மனைவி சுவர் ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சகலை வாழைக்கன்று வாங்க வெளியே போயிருந்தார்.

கொலு முன்னால் வந்ததும் கொழுந்தியாள் நின்றாள். வெள்ளை வீட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இந்தச் சாமான் விஷயத்தில் அந்த வீட்டில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்.

"அத்தான், இதுக்கும் வைக்கலாமா? கறை பிடிச்சிருமோ?"

பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் இருந்தது. அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அந்த வெள்ளைச் சுவரில் சிவப்பு இறங்கினால் எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குள் தெரிந்தது, நன்றாக இருந்தது.

"தாராளமா வையி. தொடைச்சாப் போயிரும்" என்றேன்.

பூக் கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் தடுப்பாள் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. நானே அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். கொழுந்தியாள் தன் புருஷன் கட்டிய வீடு என்று ஆசை ஆசையாக, சுவர் சுவராக, ஓடு ஓடாக, கதவுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை முடிந்து எல்லாவற்றையும் துடைத்தார்கள். காம்பஸ் பெட்டி சுத்தமானது, மெஷின் சுத்தமானது. வீட்டில் சிவப்பு அப்படியே நின்றது. கொழுந்தியாள் ஈரத்துணி போட்டுத் தேய்த்தாள். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பொட்டு பரந்து சுவரே ரோஸ் நிறமாகிவிட்டது. சகலை பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த முகம் சுருங்கியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நான் கேட்டது அதைத்தானே, கிடைத்துவிட்டது. ஒரு நிமிஷம் உள்ளுக்குள் குளிரத்தான் செய்தது, அதையும் மறைப்பானேன்.

"அத்தான்தான் சொன்னாங்க, தொடைச்சாப்..." என்று கொழுந்தியாள் அழுகிற குரலில் ஆரம்பித்தாள். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவருக்கு என்ன தெரியும்? நான் சொன்னதைத்தான் அவர் சொன்னாரு" என்றாள் என் மனைவி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "போன வருஷம் எங்க வீட்டுக் கட்டைக்கு வச்சேன். மறுநாள் தொடைச்சதும் போயிருச்சு. அதான் சொன்னேன். இது வேற பிளாஸ்டிக் போல."

மாமியார் அவளைப் பிடித்துக்கொண்டார். சரியாகத் தெரிந்துகொண்டு சொல்லக்கூடாதா, சின்ன மாப்பிள்ளை எம்புட்டு ஆசையாக வாங்கினார், மூத்தவளாக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று ஒரு பாடு பேசினார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். தங்கைகூட அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். நான் அங்கேதான் இருந்தேன். ரெண்டு எட்டு எடுத்து வைத்தால் அந்தப் பேச்சு நின்றிருக்கும். நான் எடுத்து வைக்கவில்லை.

கடைசியில் சகலைதான் பேச்சை நிறுத்தினார். போகட்டும் அத்தை, விடுங்கள் என்றார். வீட்டைப் பிரித்துக் கட்டைகளைப் பெட்டிக்குள் போட்டார். மூடியை மூடிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இனிமே இதை நான் வச்சு என்ன செய்ய? நீங்க எடுத்துக்கங்க அண்ணே. உங்ககிட்ட இருந்தா ஒழுங்கா இருக்கும்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை சொன்னபோது பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மத்தியானம் கோச்சடைக்குக் கிளம்பினோம். என் ஆறு பெட்டிகளும் மாமனார் வீட்டிலேயே இருக்கட்டும், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஏழாவதை விட மனதில்லை. கேரியரில் என் மனைவி உட்கார்ந்து, மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டாள். வழியில் ரெண்டு மூன்று தடவை ஏதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். மேட்டில் மூச்சு வாங்கியபோது பெட்டிக்குள் கட்டைகள் குலுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, மேஜையில் கொட்டிவிட்டேன். வருஷக்கணக்காக மனதில் போட்டுவைத்த பிளான். கையில் எடுத்தால் வரிசை வரிசையாகத் தானே ஏறியது. இணைப்பு மாற்றி, மூலை பிடித்து, கறை பட்ட முகமெல்லாம் உள்பக்கம் வரும்படி திருப்பித் திருப்பி வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. ரெண்டாவது மாடிக்கு வந்தபோதுதான் அவள் பின்னால் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ.

"நீ ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன், திரும்பாமலே.

"என் தங்கச்சி வீட்டுக்கு நாளைக்கு நான் போகணும் வரணும். அதுக்குச் சொன்னேன். உங்களுக்காகச் சொல்லலை" என்றாள்.

நான் ஜன்னலைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அவள் போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

"போன வருஷம் ஒரு மாசம் என்கூடப் பேசலையே, அப்ப எனக்குக் கோவம் வரலை. இந்தக் கட்டை மேல மனுஷன் அம்புட்டு உசுரா இருக்காரு, நம்மதான் தெரியாமக் கெடுத்துட்டோம்னு நெனச்சு நெனச்சு அழுதேன். நேத்து நீங்க வைக்கச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுச்சு. உங்களுக்குக் கட்டை மேலயும் ஆசை இல்ல."

சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். நான் கூரைக்கு ஓடு எடுத்தேன். எதை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.